எண்ணெய்க்குக் கம்பளி

1

எண்ணெய் என்றாலே குளிர்ச்சி என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். தலைக்கு வைத்தால் கண் குளிரும். தொப்புளில் ஒரு சொட்டு விட்டால் வயிற்றுச் சூடு தணியும். சனிக்கிழமை தேய்த்துக் குளித்தால் ஒரு வாரத்துக் கோபம் இறங்கும். ஆகவே விமான எஞ்சினுக்குள் ஊற்றுகிற எண்ணெயும் அதன் உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான். எவ்வளவு குளிர்ந்து கிடக்கிறதோ அவ்வளவுக்கு எஞ்சினுக்கு ஆரோக்கியம். இதை நான் நம்பியது பத்து வயதில் என்றால் மன்னித்துவிடலாம். நாற்பத்தெட்டு வயதில், சட்டைப் பையில் விமானி உரிமத்தை வைத்துக்கொண்டு நம்பினேன்.

உரிமத் தேர்வுக்கு எண்ணெயின் வெப்பநிலை பற்றி ஓர் அத்தியாயமே படித்தேன், சரியான விடைகளையும் குறித்தேன். அதெல்லாம் மூளையோடு நின்றுவிட்டது. தொப்புள் வழியாக ஏறிய அறிவு அதற்கு நாற்பது வருஷம் சீனியர்.

நான் பிறந்து வளர்ந்தது கிழக்குத் தாம்பரம். இப்போது இருப்பது கனடாவின் மேற்கே, மலைத்தொடருக்குப் பக்கத்தில் தொடங்கி முடிவில்லாமல் விரிகிற சமவெளியில் ஓர் ஊர். சிறுசேரியில் உட்கார்ந்து பார்த்த அதே மென்பொருள் வேலையை இங்கே கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பார்க்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு சின்ன விமானத் திடலும், அதில் ஒரு பறக்கும் சங்கமும், அந்தச் சங்கத்துக்கு என்னைவிட ஒரு வயது மூத்த நாலு இருக்கை விமானமும் உண்டு. போன கோடையில் அதில்தான் ஓட்டக் கற்றேன். இலையுதிர்காலத்தில் உரிமம் வந்தது. "காரையே ரிவர்ஸ்ல ஒழுங்கா எடுக்கத் தெரியாது" என்றாள் என் மனைவி சுதா. விமானத்துக்கு ரிவர்ஸே கிடையாது என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன்.

பிறகு குளிர்காலம் வந்தது. டிசம்பரில் ஒரு காலை, பறக்கும் முன் விமானத்தின் மூக்குப் பக்கம் குனிந்து பார்த்தவன் திடுக்கிட்டேன். எண்ணெய்க்கென்று உள்ளே ஒரு குட்டி ரேடியேட்டர் இருக்கும். அதன் முகத்தில் யாரோ ஓர் அலுமினியத் தகட்டைத் திருகி, காற்றுப் போகிற வழியைப் பாதிக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். அலுவலகத்துக்கு ஓடினேன். அங்கே கெல்லி காபி குடித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது, எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான், சங்கத்தின் ரேடியோவைக் கவனிப்பவளும் அவள்தான். விமானத்துக்கு யாரோ மூச்சை அடைத்துவிட்டார்கள் என்று இரைந்தேன்.

"நான்தான் அடைத்தேன்" என்றாள் கெல்லி. "நேற்று நீ பறந்தபோது எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் ஊசி எங்கே இருந்தது?"

"அடியிலேயே. சில்லென்று. ஒரு தடவைகூட ஏறவில்லை" என்றேன், பிள்ளை முதல் மார்க் வாங்கியதைச் சொல்கிற தோரணையில்.

அவள் காபியைக் கீழே வைத்தாள். எஞ்சின் எரியும்போதே உள்ளே கொஞ்சம் தண்ணீரும் உண்டாகிறது. எண்ணெய் நன்றாகச் சூடானால் அது ஆவியாகி வெளியேறும். இல்லையென்றால் உள்ளேயே தங்கி, இரும்பைத் துருவாக அரிக்கும். தவிர, இந்தக் குளிரில் எண்ணெய் பாகு மாதிரி இறுகிவிடும். சுழல வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் உலோகமும் உலோகமும் உரசிவிடும். அதனால்தான் தகடு. அதனால்தான் இரவெல்லாம் எஞ்சினின் அடிவயிற்றில் மின்சார ஒத்தடம், மூக்கின்மேல் பஞ்சு வைத்துத் தைத்த போர்வை. இத்தனையும் அத்தியாயத்தில் இருந்ததுதான் என்று கடைசியில் சேர்த்துக்கொண்டாள்.

2

என் மேல் தப்பில்லை. எங்கள் வீட்டில் எல்லா வியாதிக்கும் ஒரே பெயர், சூடு. முகத்தில் பரு வந்தால் சூடு. கண்ணில் கட்டி வந்தால் சூடு. கணக்கில் நான் முப்பத்தெட்டு வாங்கியபோது அம்மா விடைத்தாளைப் பார்க்கவில்லை, என் கண்ணைப் பார்த்தார். "ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கான், உடம்பு கொதிக்குது" என்று வெந்தயத்தை ஊறப்போட்டார்.

விமானப் பைத்தியமும் அங்கேதான் பிடித்தது. விமானப் படைத் தளத்திலிருந்து கிளம்பும் பயிற்சி விமானங்கள் எங்கள் பள்ளிக்கு மேலாகத்தான் திரும்பும். சத்தம் வந்ததும் வரலாற்று சார் சாக்பீஸை உயர்த்தியபடி நின்றுவிடுவார். சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து அக்பரைத் தொடருவார். அந்த இடைவெளிகளில் நான் ஜன்னலுக்கு வெளியே போய்விடுவேன். அக்பரிடம் திரும்பி வந்ததே இல்லை.

சூட்டின் மேல் இருந்த பயம் நிரந்தரமானது மேடவாக்கத்தில். சிறுசேரியில் வேலைக்கு நேர்முகத் தேர்வு, மே மாதம், கழுத்தில் டை. என் பால்ய நண்பன் சேகரின் பழைய பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். மேடவாக்கம் தாண்டுவதற்குள் எஞ்சின் முனகி, இறுகி, நின்றுவிட்டது. சேகர் குடிக்க வைத்திருந்த தண்ணீரை அதன் மேல் ஊற்றினான். புஸ்ஸென்று ஆவி கிளம்பி என் டை நனைந்தது. வண்டி பிறகு உயிர் பெறவே இல்லை. ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன், வேலை கிடைத்தது, ஆனால் எஞ்சின் சூடு ஏறினால் எல்லாம் முடிந்தது என்று அன்றைக்கு மனதில் எழுதிக்கொண்டேன்.

அந்தச் சேகர் இப்போது கீழ்க்கட்டளையில் வீடு கட்டிக்கொண்டு, திருமுடிவாக்கத்தில் தகடு வெட்டி வளைக்கும் பட்டறை வைத்திருக்கிறான். ஜனவரியில் ஒரு நாள் வீடியோ அழைப்பில் விமானத்தைக் காட்டினேன். மூக்கில் போர்வை, போர்வைக்குள்ளிருந்து சுவருக்குப் போகும் மின்கம்பி. பெருமையோடுதான் காட்டினேன்.

"இன்னாடா இது, ஐசியூல படுத்துகினு கீற மாதிரி கீது?"

எண்ணெய் குளிரில் இறுகிவிடும், அதனால் இரவெல்லாம் சூடு கொடுக்கிறோம் என்று விளக்கினேன். கெல்லி சொன்னது எல்லாவற்றையும் என் சொந்தக் கண்டுபிடிப்பு போலச் சொன்னேன்.

"மார்கழி வந்தா தேங்கா எண்ண கட்டியா பூடும். உங்கம்மா பாட்டில மொட்ட மாடில வெயில்ல வெச்சிகினு, காக்கா தட்டாம பாத்துகினு இருப்பாங்க. அதான மச்சான் இது? இத கத்துக்கவா அவ்ளோ தூரம் போன?"

எண்ணெய் குளிரில் இறுகும் என்பதை நான் ஆறு வயதிலேயே பார்த்திருக்கிறேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டதென்று குச்சியை விட்டுக் குடைந்து எடுத்து, கட்டிகட்டியாகத் தலையில் அப்பிக்கொண்டு போயிருக்கிறேன். தலைக்குத் தெரிந்தது எஞ்சினுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். சேகர் அதோடு விடவில்லை. அந்தத் தகடு எவ்வளவு கனம் என்று கேட்டான். சொன்னால் திருமுடிவாக்கத்தில் பாதி விலைக்கு வெட்டி அனுப்புவதாகச் சொன்னான். விமானத்துக்கு அப்படியெல்லாம் கண்ட தகட்டைப் போட முடியாது, அங்கீகாரம் வேண்டும் என்றேன். "அப்போ அங்கீகாரத்த மட்டும் நீ அங்க வாங்கிக்கோ" என்றான்.

3

அங்கீகாரம் வாங்குவது பற்றி நான் ஒரு புத்தகமே எழுதலாம். குடியேறிய புதிதில், கவுன்ட்டரில் இருந்த அம்மையார் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார். இல்லை என்றேன். குடும்பம் இல்லையா என்று இரக்கத்தோடு கேட்டார். பெயருக்கு முன்னால் இருக்கும் 'ப.' என்பது என் அப்பா பரமசிவம் என்று விளக்க விளக்க, அவர் அதை எடுத்துப் பின்னால் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து கருணாகரன் என்ற என்னை இந்த நாட்டில் யாருக்கும் தெரியாது. பல் மருத்துவர் பரமசிவத்தைக் கூப்பிடுகிறார். கெல்லி என்னை 'பரம்' என்கிறாள். விமானி உரிமத்திலும் அதே பெயர் தடித்த எழுத்தில் இருக்கிறது. மீனம்பாக்கத்துக்கு வழியனுப்ப மட்டுமே போயிருக்கும் என் அப்பா, கனடா அரசின் கணக்கில் ஒரு விமானி. ஊரில் இருக்கும் அவரிடம் சொன்னபோது, "ஜாக்கிரதையா ஓட்டு, பேரு என்னுது" என்றார்.

நாக்கும் அதே கதைதான். பகரத்தில் அவர்களுக்கு இரண்டு ஒலி, நம் எழுத்துக்கு ஒரே ப. வந்த முதல் வருஷம் கடையில் பேரிக்காய்க்கு வழி கேட்டேன். பீர் விற்கிற கடைக்கு வழி காட்டினார்கள். எனக்கு வாத்தியாரானவள் என் மகள் தமிழரசி. ஆறு வயதில் என் வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பேரிக்காயின் ஆங்கிலப் பெயரை, 'பேர்' என்று சரியாகச் சொன்னால் காகிதம் ஆட வேண்டும். ஆடாது. "ஆடல. மறுபடி பீர்" என்று தீர்ப்புச் சொல்வாள். நிதானமாக இருக்கும்போது இப்போதெல்லாம் ஆடுகிறது. பதற்றத்தில் இன்றைக்கும் எல்லாம் பீர்தான்.

தமிழரசிக்குப் பள்ளியில் பெயர் டாமி. தாம்பரத்தில் அப்படிக் கூப்பிட்டால் தெருவில் நாலு பேர் வாலாட்டிக்கொண்டு வருவார்கள் என்று சொன்னேன், அவள் சிரிக்கவில்லை. தமிழ் எல்லாம் புரியும், பதில் ஆங்கிலத்தில் வரும். அவசரத்திலும் பசியிலும் மட்டும் தமிழ். வீட்டில் அவளை நான் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுவேன். அவளுக்குப் பதினோரு வயதிருக்கும்போது பள்ளி வாசலில் பழக்கதோஷத்தில் கத்திவிட்டேன். அவளுடைய சிநேகிதிகளுக்கு இந்தச் சொல் தெரியும்; அவர்கள் ஊரில் அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். உன் அப்பா எதற்கு உன்னை அப்பா என்கிறார் என்று ஒரு வாரம் கேட்டுத் துளைத்திருக்கிறார்கள். "அப்பா, ப்ளீஸ். இனிமே அந்த வேர்ட் வேணாம்" என்றாள். அன்றோடு அந்தச் சொல்லுக்குத் தடை.

ஆனால் பாருங்கள், சங்க விமானத்தின் பதிவெழுத்துகளில் கடைசி எழுத்து, ஆங்கிலத்தில் அதே பேரிக்காயின் முதல் எழுத்து. ரேடியோ இரைச்சலில் குழம்பக் கூடாதென்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இந்த எழுத்துக்கு உலகம் முழுக்க வைத்திருக்கிற சொல், பாப்பா. வீட்டில் தடை செய்யப்பட்ட சொல்லை வானத்தில் சட்டப்படி சொல்லிக்கொண்டு திரிந்தேன். 'பாப்பா ஓடுபாதைக்கு வருகிறது. பாப்பா கிளம்புகிறது.' சுதாவுக்கு மட்டும் இது தெரியும்.

வருகிற செப்டம்பரில் தமிழரசி நாட்டின் அந்தக் கோடிக்குப் படிக்கப் போகிறாள். உரிமம் வாங்கியதிலிருந்து அவளைப் பறக்கக் கூப்பிடுகிறேன். பரீட்சை, சிநேகிதியின் பிறந்த நாள், தலைவலி என்று சுற்றிவந்து ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிட்டாள்: பயமாக இருக்கிறது, விமானத்தைப் பார்த்து இல்லை, நீங்கள் ஓட்டுவதை நினைத்து. மார்ச்சில், நாங்கள் இந்த நாட்டில் வந்திறங்கிய தேதியை சுதா பாயசம் வைத்துக் கொண்டாடுவாள். இந்த வருஷம் அந்த நாளில் எனக்கு என்ன வேண்டும் என்று தமிழரசியே கேட்டாள். அரை மணி நேரம் என்னோடு பற என்றேன். சரி என்றாள். ஒரே ஒரு தடவை. அதில் அவள் பயந்துவிட்டால் அப்புறம் செப்டம்பர்தான் என்று எனக்குத் தெரியும்.

4

அன்றைக்குக் காலை நல்ல குளிர். முந்தின மாலையே போய் ஒத்தடத்தைச் சொருகி, போர்வையைப் போர்த்தி, தகடு சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட நான் அவ்வளவு பார்த்ததில்லை. ஆனால் இந்தப் பக்கத்தில் ஒரு விசேஷம் உண்டு. குளிர்காலத்தின் நடுவே மலைக்கு அப்பாலிருந்து திடீரென்று ஒரு வெப்பக் காற்று இறங்கும். காலையில் மீசை உறைந்திருக்கும். மதியம் கூரையிலிருந்து பனி ஒழுகும். அன்று மதியம் அந்தக் காற்று வந்தது. நாங்கள் திடலுக்குப் போனபோது தரையெல்லாம் தண்ணீர், முகத்தில் வெயில். தாம்பரத்துக்காரனுக்கு வெயில் வந்துவிட்டால் அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? கோட்டைக் கழற்றினேன். போர்வையைக் கழற்றினேன். என் கண்ணுக்கு நேரே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது: வெளியே இந்த அளவுக்கு மேல் வெப்பம் இருந்தால் தகட்டையும் கழற்றவும். அந்த நேரத்தில் நான் தமிழரசியின் ஹெட்செட்டைச் சரிசெய்து, அவள் எங்கே பேச வேண்டும், எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று காட்டி, நல்ல அப்பாவாக இருந்துகொண்டிருந்தேன்.

கிளம்பினோம். ஆரம்பத்தில் அவள் இருக்கையின் ஓரத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு ஒரு கையை எடுத்தாள். ஊருக்கு மேலே திரும்பியபோது கண்ணாடியில் மூக்கை ஒட்டி, "அப்பா, அது நம்ம வீடா?" என்றாள். தமிழில். அவசரமும் இல்லை, பசியும் இல்லை. அந்தத் தமிழை ரசித்துக்கொண்டே ஊசிகளின் பக்கம் பார்வையை ஓட்டியவன்தான், எண்ணெய் ஊசியைப் பார்த்தேன்.

குளிர்காலம் முழுக்க அது பச்சைக் கோட்டின் அடிவாரத்திலேயே படுத்துக் கிடந்தது. அந்த மாதங்களில் நான் அதை வேறெங்கும் கண்டதில்லை. இப்போது எழுந்து, மேலே ஏறி, சிவப்பின் திசையில் போய்க்கொண்டிருந்தது. தகடு நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னாலேயே மேடவாக்கம் நினைவுக்கு வந்தது. காதில் எஞ்சின் முனகியது. சத்தியமாக அது முனகவில்லை. முனகியது நான்தான் என்று பிறகு தெரிந்தது. ஊற்றுவதற்குத் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று இடது கை இருக்கைக்கு அடியில் தேடியதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஷேர் ஆட்டோவும் இல்லை.

செய்ய வேண்டியதைக் கை செய்துவிட்டது. எஞ்சின் வேகத்தைக் குறைத்தேன், மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திக் காற்று கூடுதலாகப் போகும்படி பிடித்தேன், திடலை நோக்கித் திரும்பினேன். சொல்ல வேண்டியதைத்தான் நாக்கு கெடுத்தது. ரேடியோவில் கெல்லியைக் கூப்பிட்டு, திரும்பி வருகிறேன், எண்ணெய் சூடேறுகிறது, பிளேடைக் கழற்ற மறந்துவிட்டேன் என்றேன்.

இந்த விமானத்துக்கு இருப்பதே இரண்டு பிளேடுதான், இரண்டும் முன்னால் சுழல்கிற காற்றாடியில் இருக்கிறது.

"பரம், மறுபடி சொல். எந்த பிளேடு?"

"முன்னால் இருப்பது" என்றேன். இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்று, "போன டிசம்பரில் நீ மாட்டினாயே, அது" என்றும் சொன்னேன்.

"காற்றாடி சுற்றுகிறதா இல்லையா, அதை மட்டும் சொல்" என்றாள் கெல்லி. அவள் குரல் அவ்வளவு மெதுவாகி நான் கேட்டதில்லை. பிளேடு, பிளேடு என்று நான் இன்னும் இரண்டு தரம் சொன்னேன். ஒரு காகிதமும் ஆடவில்லை.

அப்போது என் ஹெட்செட்டுக்குள் இன்னொரு குரல் வந்தது. தமிழரசி அவள் பக்கத்துப் பொத்தானை அமுக்கியிருந்தாள்.

"ப்ளேட். பிளேடு இல்ல, ப்ளேட். பாப்பா, லிமா, ஆல்ஃபா, டேங்கோ, எக்கோ. குளிருக்குப் போட்ட தகடு."

இந்த எழுத்துச் சொற்களை அவள் எப்போது படித்தாள் என்று எனக்குத் தெரியாது. நான் ஹாலில் உட்கார்ந்து உரக்க மனப்பாடம் செய்தபோது தலையை நிமிர்த்தாமல் போனைத் தடவிக்கொண்டிருந்தவள் அவள்.

கெல்லி பெருமூச்சு விட்டது ரேடியோவில் கேட்டது. ஊசி என்ன நிறத்தில் நிற்கிறது என்று கேட்டாள். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கத் தெம்பில்லை. தமிழரசி எட்டிப் பார்த்து, பச்சை என்றாள். சிவப்புக்கு இன்னும் எவ்வளவு தூரம்? "என் கட்டைவிரல் அகலம். இப்ப ஏறல, நிக்குது." அப்படியானால் அவசரமே இல்லை, வழக்கம் போல வந்து இறங்குங்கள் என்றாள் கெல்லி. இறங்கினேன். சக்கரம் ஒரு முறை குதித்தது. பழைய வழக்கம்தான்.

5

கெல்லி திருப்புளியோடு காத்திருந்தாள். திரும்பி வந்தது சரியான முடிவு என்று என்னிடம் சொன்னாள். காற்றாடி கழன்றுவிட்டதென்று நினைத்துத் தீயணைப்பு வண்டிக்குப் போன் எடுத்துவிட்டேன் என்று தமிழரசியிடம் சொன்னாள். அவர்கள் இருவரும் என்னை வைத்துச் சிரித்துத் தீர்ப்பதற்குள் எஞ்சின் பாதி ஆறிவிட்டது. தமிழரசியே திருப்புளியை வாங்கித் தகட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். தொட்டால் சுட்டது.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது. "ரேடியோல பாப்பான்னு சொன்ன" என்றேன்.

"அது ஆல்ஃபபெட்பா. கனவு காணாதீங்க."

"சும்மா ஞாபகப்படுத்தினேன்."

"அரை மணி நேரம்னு சொன்னீங்க" என்றாள் அவள், கைக்கடிகாரத்தைக் காட்டி. "பாதிகூட ஆகல. ஏறுங்க."

மறுபடி ஏறினோம். ஊரைச் சுற்றி, உறைந்த ஏரியைச் சுற்றி, மலை தெரிகிற வரைக்கும் போய் வந்தோம். பாதி வழி அவள்தான் ஓட்டினாள். வீட்டுக்கு வந்தபோது பாயசம் ஆறிப்போயிருந்தது. சேகருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். கழற்றிய தகட்டின் கனம் என்ன என்றுதான் முதலில் கேட்டான்.

வானத்தில் எஞ்சின் வெடிக்க இருந்தது, மயிரிழையில் தப்பினோம் என்று சுதாவிடம் ஆரம்பித்தேன். தமிழரசி குறுக்கிட்டுத் திருத்தினாள். அவள் சொன்னதுதான் சரி. வெயில் வந்தது, அப்பா ஒரு தகட்டைக் கழற்ற மறந்தார், ஊசி சிவப்பைத் தொடவே இல்லை. குளிர்காலம் முழுக்க அடியில் படுத்துக் கிடந்த எண்ணெய், அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சூடாக வேண்டிய அளவுக்குச் சூடாகியிருந்தது.